மாமியாரின் முட்டிவலியும் இரண்டு கிலித் தீவுகளும்

கேள்வி: காட்பாடியில் இருக்கிறோம். மே மாதப் பள்ளி விடுமுறையில் ஆறு நாள் இந்தோனேசியாவின் கிலித் தீவுகளுக்குப் போக ஆசை. கார், பைக் ஓடாத இடம் என்பதுதான் காரணம். கிலி ஏரா, கிலி மெனோவா என்று குழப்பம். நான், கணவர், பத்து வயது மகன், 67 வயது மாமியார். மாமியாருக்கு முட்டிவலி, சுத்த சைவம். எங்கே தங்கலாம்?

பதில்: நீங்கள் இருவர் மட்டும் போவதானால் யோசிக்காமல் மெனோ என்றிருப்பேன். மாமியாரும் வருவதால் ‘ஏர்’ தீவிலேயே தங்குங்கள். மெனோவுக்கு ஒரு நாள் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம்.

பெயரைக் கேட்டுக் கிலி பிடிக்க வேண்டாம். பக்கத்திலுள்ள பெரிய தீவான லொம்போக்கின் சசாக் மொழியில் கிலி என்றால் சிறு தீவு. Air என்ற எழுத்தை ‘ஏர்’ என்று நாம் வாசிப்பதை அங்கே ‘ஆயிர்’ என்பார்கள். தண்ணீர் என்று பொருள். படகுத்துறையில் ‘ஏர்’ என்று கேட்டால் உங்களை விமான நிலையத்துக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள்!

இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான். நம் வேலூர்க் கோட்டை 133 ஏக்கர். மெனோ அதைப்போல் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு, ஆயிர் சற்று அதிகம். அதனால் படங்களை வைத்துக்கொண்டு எது அழகு என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் பயனில்லை. படகை விட்டு இறங்கும் இடத்திலிருந்து அறை வாசல்வரை எவ்வளவு தூரம் என்று பாருங்கள். ஆட்டோ பிடித்துப் பழகிய நமக்கு, கார் இல்லாத ஊரின் அருமையும் அவஸ்தையும் அந்தத் தூரத்தில்தான் தெரியும். மணல் பாதை. பெட்டியின் சக்கரம் உருளாது.

அங்கே ‘சிடோமோ’ என்ற குதிரை வண்டி உண்டு, நம் ஜட்காவுக்குத் தம்பி மாதிரி. வேடிக்கை என்னவென்றால், கார் ஓடாத தீவின் வண்டிக்குப் பெயரிலேயே கார் இருக்கிறது. சிகார், டோகார் என்ற இரண்டு வண்டிப் பெயர்களோடு மொபில், அதாவது கார், சேர்ந்தது சிடோமோ; கார் டயர் மாட்டியதால் வந்த பெயர். ஏறும் படி உயரம். முட்டிவலிக்காரருக்கு ஒருமுறை ஏறி இறங்குவதே போதும். குதிரைகளை வருத்துகிறார்கள் என்ற குறையும் பல வருடங்களாக இருக்கிறது. பெட்டிகளையும் மாமியாரையும் ஏற்ற ஒரு தடவை பிடியுங்கள், பிறகு வேண்டாம். ஆயிரின் தெற்கே துறைக்குப் பக்கத்தில் அறை எடுத்தால் சாப்பாட்டுக் கடை, மருந்துக் கடை, ஏ.டி.எம். எல்லாம் நடை தூரத்தில் இருக்கும். மெனோவில் கடைகள் குறைவு, இருட்டினால் நடமாட்டமும் குறைவு. மெனோவின் அழகே அதுதான். ஆனால் சி.எம்.சி.க்குப் பக்கத்தில் வாழ்ந்து பழகிய குடும்பம் நீங்கள். எந்தக் கிலியிலும் பெரிய ஆஸ்பத்திரி கிடையாது. லொம்போக்குக்குத்தான் படகேற வேண்டும். மாத்திரைகளைக் கையோடு எடுத்துப் போங்கள்.

பெங்களூரிலிருந்து பாலிக்கு நேர் விமானம் இருக்கிறதே என்று உங்கள் கணவர் சொல்வார். பாலியில் இறங்கினால் வேகப்படகில் லொம்போக் நீரிணையைக் கடக்க வேண்டும். ஒன்றரை, இரண்டு மணி நேரம் தூக்கித் தூக்கிப் போடும். நானாக இருந்தால் சென்னையிலிருந்து கோலாலம்பூர் போய், அங்கிருந்து லொம்போக்குக்கு நேரே பறப்பேன். பிறகு காரில் சுமார் இரண்டு மணி நேரத்தில் பங்சால் துறை. அங்கிருந்து ஆயிர் கால் மணி நேரம்தான். டிராவங்கானையும் சேர்த்து மூன்று கிலிகளில் லொம்போக்குக்கு மிக அருகில் இருப்பது அதுவே. இரண்டு விமானத்துக்கும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் கோலாலம்பூரில் குடிநுழைவு முடித்துப் பெட்டியை வாங்கித் திரும்பப் போட வேண்டியிருக்கும். சில படகுகள் மணலிலேயே ஒதுங்கும், முட்டியளவு நீரில் இறங்க வேண்டிவரும். அங்கே மகன் முதலில் இறங்கட்டும், மாமியாரைக் கணவர் பிடித்துக்கொள்ளட்டும்.

சாப்பாட்டில்தான் கவனம் அதிகம் தேவை. சோறு, தெம்பே (புளிக்க வைத்த சோயாக் கட்டி), தாஹு (நம் டோஃபு) எங்கும் கிடைக்கும். பார்த்தால் சைவம்தான். ஆனால் சம்பால் என்ற மிளகாய்ச் சட்னியில் ‘தெராசி’ என்ற இறால் விழுது அரைத்திருப்பார்கள். காதோ-காதோ காய்கறித் தட்டின் வேர்க்கடலைக் குழம்பிலும் அது இருக்கலாம், மேலே வைக்கும் அப்பளம் இறால் அப்பளமாக இருக்கலாம். ‘தன்பா தெராசி, தன்பா உடாங்’ என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்: இறால் விழுது வேண்டாம், இறால் வேண்டாம். மாமியாருக்காகப் பருப்புப்பொடியும் ஊறுகாயும் ஒரு டப்பா கட்டிக்கொள்ளுங்கள்.

மே மாதம் சரியான தேர்வு. மழை ஓய்ந்திருக்கும்; ஜூலை, ஆகஸ்ட்டின் கூட்டமும் காற்றும் இன்னும் வந்திருக்காது. ஆயிரின் கிழக்குக் கரையில் பவளப்பாறை மேலாகவே கிடக்கும், நீர் வற்றும் நேரத்தில் காலைக் கிழிக்கும். நீர் ஏறியபின் ரப்பர் ஷூ போட்டு இறங்குங்கள். தீவுகளுக்கு இடையே நீரோட்டம் பலம், நீந்திக் கடக்கும் எண்ணம் யாருக்கும் வரக் கூடாது.

மெனோ போகும் நாளுக்கு, அடியில் கண்ணாடி வைத்த படகு பேசுங்கள். மாமியார் நனையாமலே ஆமை பார்ப்பார். மேற்குக் கரையோரம் கடலடியில் வட்டமாக நிற்கும் 48 மனிதச் சிலைகளை மகன் லைஃப் ஜாக்கெட்டோடு மிதந்தபடியே பார்க்கலாம். திரும்பும் நேரத்தைப் படகுக்காரரிடம் முன்பே பேசி, பாதிப் பணத்தை ஆயிரில் வந்து இறங்கிய பிறகு கொடுங்கள்.