ரஷ்யா பற்றி எவ்வளவு தெரியும்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ரஷ்ய வரலாறு, கலாசாரம் பற்றிப் பன்னிரண்டு கேள்விகள் கொடுத்து, விடைகளைக் கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் நிறைய, விடைகளோடு சண்டை போட்டு எழுதப்பட்டவை. படிக்கப் படிக்கச் சந்தோஷமாக இருந்தது. ஒரு வரி விடையோடு திருப்தியடையாமல் 'அது எப்படி?' என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கே: அக்டோபர் புரட்சி எந்த மாதம் நடந்தது என்று கேட்டிருந்தீர்கள். பெயரிலேயே விடை இருக்கிறதே என்று அக்டோபர் என்று எழுதினேன். விடையில் நவம்பர் என்று இருக்கிறது. இது நியாயமா?

ப: முழு மார்க் போட்டுக்கொள்ளுங்கள். 'எந்தக் காலண்டர்படி' என்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும். 1917-ல் லெனின் தலைமையிலான போல்ஷெவிக்குகள் பெட்ரோகிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) ஆட்சியைப் பிடித்த அன்று ரஷ்யக் காலண்டரில் தேதி அக்டோபர் 25. அதே நாள் லண்டனிலும் பாரிஸிலும் நவம்பர் 7. மற்ற ஐரோப்பிய நாடுகளில் பெரும்பாலானவை இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் காலண்டருக்கு எப்போதோ மாறிவிட்டன, ரஷ்யாவோ பழைய ஜூலியன் காலண்டரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் லீப் ஆண்டு என்று போய்க்கொண்டே இருக்கும் கணக்கு அது, சூரியனின் கணக்கு அப்படி இல்லை என்பதால் இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, இருபதாம் நூற்றாண்டில் 13 நாள் ஆகிவிட்டது.

லெனின் அரசு இதை 1918-ல் ஒரே வீச்சில் சரிசெய்தது. ஜனவரி 31 அன்று இரவு படுத்தவர்கள் மறுநாள் காலை பிப்ரவரி 14-ல் எழுந்தார்கள். நடுவில் பதிமூன்று தேதிகள் ரஷ்ய வரலாற்றில் வரவே இல்லை. ரஷ்யத் திருச்சபை இன்றும் பழைய காலண்டரைத்தான் பின்பற்றுகிறது, அதனால்தான் அங்கே கிறிஸ்துமஸ் ஜனவரி 7-ல் வருகிறது. ஜனவரி 13 இரவு 'பழைய புத்தாண்டு' என்று ஒன்றையும் கொண்டாடுகிறார்கள்.

இதே வம்பு பிப்ரவரிப் புரட்சிக்கும் உண்டு. ஜார் ஆட்சியைக் கவிழ்த்த அந்தக் கிளர்ச்சி பழைய கணக்கில் பிப்ரவரி 23-ல் தொடங்கியது. புதிய கணக்கில் அது மார்ச் 8, அதாவது மகளிர் தினம். தேதி தற்செயலாக ஒத்துப்போகவில்லை, பெட்ரோகிராடில் அன்று மகளிர் தினத்துக்காகத் திரண்ட பெண்களும், வேலை நிறுத்தம் செய்த நெசவாலைப் பெண்களும், ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கியதில்தான் அது ஆரம்பித்தது. ஒரு தேதி ஏன் இரண்டாக இருக்கிறது என்று தோண்டப் போனால் அந்தப் பெண்கள் கிடைக்கிறார்கள், எனக்கு இந்தக் கேள்வி பிடித்ததே அதனால்தான்.

கே: மாஸ்கோவின் செஞ்சதுக்கத்துக்குக் கம்யூனிஸ்டுகளின் சிவப்பால்தான் அந்தப் பெயர் என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். நீங்கள் இல்லை என்கிறீர்கள்.

ப: பெயர் பதினேழாம் நூற்றாண்டிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. 'க்ராஸ்னயா' என்ற சொல்லுக்கு இன்று சிவப்பு என்று பொருள், பழைய ரஷ்ய மொழியில் அழகானது என்றும் பொருள். அழகிய சதுக்கம் என்று வைத்த பெயர் பின்னால் சிவப்புச் சதுக்கம் ஆகிவிட்டது.

கே: அந்தச் சதுக்கத்தில் இருக்கும் வண்ணக் கோபுரக் கோயிலைக் கட்டியவர்களின் கண்களை இவான் மன்னன் பிடுங்கிவிட்டானாமே, அதுபோல இன்னொன்று கட்டிவிடக் கூடாது என்று?

ப: தாஜ்மகாலைக் கட்டியவர்களின் கைகளை வெட்டினார்கள் என்று ஒரு கதை இருக்கிறது அல்லவா, அதே கதைதான், வேறு ஊரில். அதற்கும் ஆதாரம் இல்லை, இதற்கும் இல்லை. மிக அழகான ஒன்றைப் பார்த்தால் அதற்குப் பின்னால் ஒரு கொடுமை இருந்திருக்க வேண்டும் என்று மக்களுக்குத் தோன்றிவிடுகிறது போலும்.

நடந்தது என்னவென்றால், 1552-ல் நான்காம் இவான் கசான் என்ற தாத்தாரிய அரசைப் பிடித்தான், அந்த வெற்றிக்காகக் கட்டியதுதான் 1561-ல் முடிந்த இந்தக் கோயில். புனித பசில் கோயில் என்ற அதன் பெயரில் இருக்கும் பசில், ரஷ்ய மொழியில் வசீலி, மன்னனும் அல்ல, பிஷப்பும் அல்ல. கடுங்குளிரிலும் கிழிசலோடு மாஸ்கோத் தெருக்களில் திரிந்த ஒரு பித்தர், மக்கள் அவரை ஞானி என்று வணங்கினார்கள். மன்னன் கட்டிய கோயில் கடைசியில் அந்த ஏழையின் பெயரால் உலகத்துக்குத் தெரிகிறது.

இவானைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'பயங்கர இவான்' என்று நாம் சொல்வதன் மூலச் சொல் 'க்ரோஸ்னி'. இடி மின்னலோடு வரும் புயலைக் குறிக்கும் சொல்லோடு உறவுள்ளது, பார்த்தாலே நடுங்க வைப்பவன் என்ற பொருள், அதில் மரியாதையும் கலந்திருக்கிறது. அதற்காக அவனை நல்லவன் என்று சொல்ல வரவில்லை. தன் ஆட்களை ஏவி நோவ்கோரோத் நகரத்தை 1570-ல் சூறையாடியவன் அவன்.

கே: ரஷ்ய நாவல்களைத் தமிழில் படிக்க ஆசை. ஆனால் ஐம்பது பக்கத்துக்குள் பெயர்கள் குழம்பி மூடிவைத்துவிடுகிறேன். ஒரே ஆளுக்கு ஏன் இத்தனை பெயர்?

ப: வந்த கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது. ஏனென்றால் ஐந்து நிமிடத்தில் தீர்த்துவிடலாம், தீர்ந்துவிட்டால் ஒரு பெரிய இலக்கியமே உங்களுக்குத் திறந்துகொள்ளும்.

ரஷ்யருக்குப் பெயர் மூன்று பகுதி: சொந்தப் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர். அப்பா பெயரை நாம் இனிஷியலாக முன்னால் போட்டுச் சுருக்குகிறோம், அவர்கள் நடுவில் போட்டு முழுதாகச் சொல்கிறார்கள். அதன் முடிவு பெரும்பாலும் ஆணுக்கு 'ஓவிச்' அல்லது 'எவிச்', பெண்ணுக்கு 'ஓவ்னா' அல்லது 'எவ்னா'. அன்டன் பாவ்லவிச் செகாவ் என்றால் பாவெல் மகன் அன்டன். வலெந்தினா விளதீமிரவ்னா தெரஷ்கோவா என்றால் விளதீமிர் மகள் வலெந்தினா. லெனினுக்கும் இசைமேதை சைக்கோவ்ஸ்கிக்கும் நடுப்பெயர் ஒன்றே, இலியீச், இரண்டு பேரின் அப்பாவும் இலியா. குடும்பப் பெயரும் பெண்ணுக்கு மாறும், கணவர் கரேனின் என்றால் மனைவி கரேனினா.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதிலேயே உறவு தெரிந்துவிடும். சொந்தப் பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னால் மரியாதை, நாம் 'சார்', 'ஐயா' என்று சொல்லும் இடம். சுருக்கிக் கூப்பிட்டால் வீட்டுச் செல்லம். 'குற்றமும் தண்டனையும்' நாவலின் நாயகன் ரஸ்கோல்னிகவ் அறிமுகமானவர்களுக்கு ரோதியோன் ரமானவிச், அம்மாவுக்கு ரோத்யா. அவன் தங்கை அவ்தோத்யா ரமானவ்னா, வீட்டில் துன்யா. இருவருக்கும் ரமான் தான் அப்பா என்று நடுப்பெயரே சொல்லிவிடுகிறது பாருங்கள். ஒரு காட்சியில் ஒருவர் திடீரென்று ரோத்யா என்று கூப்பிட்டால் அங்கே பாசம் நுழைந்துவிட்டது என்று ரஷ்ய வாசகருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நான் செய்வது இதுதான்: நாவலைத் தொடங்கும்போது கடைசி வெள்ளைத் தாளில் பென்சிலால் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி, மூன்று பெயரும் செல்லப் பெயரும். இருபது வரிக்கு மேல் தேவைப்படாது. செய்து பாருங்கள், மூடிவைத்த புத்தகத்தையே மறுபடி எடுங்கள்.

கே: ரஷ்யாவை ஆண்டவர்களில் ரஷ்யர் அல்லாதவர் யார் என்ற கேள்விக்கு ஸ்டாலின் என்று எழுதினேன். விடையில் கேத்தரின் என்று இருக்கிறது.

ப: இரண்டும் சரி. ஸ்டாலின் ஜார்ஜியாவின் கோரி ஊரில் பிறந்த ஜுகாஷ்விலி. மகா கேத்தரின் ஜெர்மன் இளவரசி. அவர் பிறந்த ஸ்டெட்டின் நகரம் இன்று போலந்தில் இருக்கிறது. மருமகளாக வந்தவர், 1762-ல் கணவரை அரியணையிலிருந்து இறக்கிவிட்டு 34 ஆண்டு ஆண்டார்.

கே: மரப்பாச்சிக்குள் மரப்பாச்சி அடங்கும் அந்த பொம்மை எத்தனை ஆயிரம் ஆண்டுப் பழமையானது?

ப: மத்ரியோஷ்கா 1890-களில் பிறந்தது. கடைந்தவர் ஸ்வியோஸ்தச்கின், வண்ணம் தீட்டியவர் மல்யூத்தின் என்ற ஓவியர். முதல் செட்டில் எட்டு பொம்மைகள். 1900 பாரிஸ் கண்காட்சிக்குப் போய்ப் பதக்கம் வாங்கிய பிறகு ரஷ்யாவின் அடையாளமே ஆகிவிட்டது.

கே: ககாரின் எந்த நாட்டு மண்ணிலிருந்து விண்வெளிக்குப் போனார் என்பது என்ன கேள்வி? சோவியத் யூனியன்தானே?

ப: அன்று சோவியத் யூனியன், ஆனால் மண் இன்றைய கஜகஸ்தானுடையது. பைக்கனூர் ஏவுதளம் அங்கேதான் இருக்கிறது, சோவியத் யூனியன் 1991-ல் பதினைந்து நாடுகளாகப் பிரிந்த பிறகு ரஷ்யா அதைக் குத்தகைக்கு எடுத்துப் பயன்படுத்துகிறது. சோவியத் வேறு, ரஷ்யா வேறு என்ற இந்த ஒரு விஷயம் தெளிவானால் பொது அறிவுத் தேர்வில் பாதித் தவறுகள் குறையும்.

1961 ஏப்ரல் 12-ல் அவர் பூமியை ஒருமுறை சுற்றி வர ஆன நேரம் 108 நிமிடம். அதில் பலருக்குத் தெரியாத ஒன்று, அவர் விண்கலத்தோடு தரையிறங்கவில்லை. சுமார் ஏழு கிலோமீட்டர் உயரத்தில் கலத்திலிருந்து வெளியே வீசப்பட்டு, தனி பாராசூட்டில் வோல்கா நதிப் பக்கத்து வயல்வெளியில் இறங்கினார். சர்வதேச சாதனை விதிப்படி விமானி தன் கலத்திலேயே தரையிறங்க வேண்டும் என்பதால், இதைச் சோவியத் அரசு பல ஆண்டுகள் வெளியே சொல்லவில்லை. அதனால் அவர் செய்தது ஒரு துளிகூடக் குறைந்துவிடாது. 27 வயதுப் பையன், தச்சரின் மகன், யாரும் போகாத இடத்துக்குத் தனியாகப் போய்த் திரும்பி வந்தான்.

கே: திருக்குறளை மேற்கோள் காட்டிய ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் என்று போட்டிருந்தீர்கள். நம்மவர்கள் பெருமைக்காகச் சொல்லும் கதையா, உண்மையா?

ப: உண்மை. 1908-ல் தாரக்நாத் தாஸ் என்ற இந்தியப் புரட்சியாளர், ஆங்கிலேய ஆட்சியை எதிர்க்க ஆதரவு கேட்டு டால்ஸ்டாய்க்கு எழுதினார். டால்ஸ்டாய் பலமுறை திருத்தித் திருத்தி ஒரு நீண்ட பதில் எழுதினார். வன்முறை வேண்டாம், அடிமைப்படுத்துபவனோடு ஒத்துழைக்காமல் இருங்கள் என்பது அதன் சாரம். அதில் இந்துக்களின் குறள் என்று குறிப்பிட்டு இன்னா செய்யாமை அதிகாரத்திலிருந்து வரிகளை எடுத்துப் போட்டிருக்கிறார். 'இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண நன்னயம் செய்து விடல்' அவற்றில் ஒன்று.

அப்புறம் அந்தக் கடிதம் காந்தி கைக்குக் கிடைத்தது. அனுமதி கேட்டு டால்ஸ்டாய்க்கு எழுதி, மொழிபெயர்த்து, தென்னாப்பிரிக்காவில் தன் பத்திரிகையில் வெளியிட்டார். 1910-ல் அங்கே போராட்டக்காரர்களுக்காகத் தொடங்கிய குடியிருப்புக்கு டால்ஸ்டாய் பண்ணை என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில், வீட்டை விட்டு வெளியேறிய டால்ஸ்டாய் அஸ்தாபவ என்ற சிறிய ரயில் நிலையத்தில், ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் இறந்துபோனார்.

கே: பன்னிரண்டுக்கு மூன்றுதான் எடுத்தேன். பரீட்சைக்காக இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். எங்கே ஆரம்பிப்பது?

ப: ஆண்டுப் பட்டியலில் வேண்டாம். ஒரு ஊரை எடுத்துக்கொள்ளுங்கள், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்.

1703-ல் மகா பீட்டர் நீவா நதி முகத்துவாரத்துச் சதுப்பில் அதைத் தொடங்கினார். கடலுக்கு ஒரு வாசல் வேண்டும் என்று சுவீடனோடு போர் நடந்துகொண்டிருந்த நேரம். 1712-ல் தலைநகரையே அங்கே மாற்றிவிட்டார், சுவீடன் அந்த நிலத்தை ஒப்பந்தம் போட்டு விட்டுக்கொடுத்தது 1721-ல்தான். எப்படிப்பட்ட மனிதர் என்று இதிலிருந்தே தெரியும். 1914-ல் ஜெர்மனியோடு போர் வந்ததும், 'பர்க்' என்பது ஜெர்மன் சொல்லாக ஒலிக்கிறது என்று பெட்ரோகிராட் ஆக்கினார்கள். லெனின் இறந்ததும் 1924-ல் லெனின்கிராட். 1991-ல் மக்களே வாக்களித்துப் பழைய பெயரைத் திரும்ப வைத்தார்கள், ஆனால் சுற்றியுள்ள மாகாணம் இன்னும் லெனின்கிராட் மாகாணம்தான். மூன்று பெயர் மாற்றத்துக்குள் ஜார், உலகப்போர், புரட்சி, சோவியத்தின் முடிவு எல்லாம் வந்துவிட்டன.

அந்த ஊர் லெனின்கிராடாக இருந்தபோது, 1941 செப்டம்பரிலிருந்து 1944 ஜனவரி வரை 872 நாள் ஜெர்மன் படைகள் அதை முற்றுகையிட்டிருந்தன. முதல் குளிர்காலத்தில், நவம்பர் 20-லிருந்து டிசம்பர் 25 வரை, குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் ஒரு நாள் ரேஷன் 125 கிராம் ரொட்டி, அதிலும் கலப்படம். லட்சக்கணக்கானவர்கள் பசியில் இறந்தார்கள். உறைந்த லதோகா ஏரியின் மேல் லாரி ஓட்டித்தான் கொஞ்சம் உணவு உள்ளே வந்தது. 1942 ஆகஸ்ட் 9-ல், உயிரோடு மிஞ்சிய வாத்தியக்காரர்களைத் திரட்டி, போதாததற்குப் போர்முனையிலிருந்தும் ஆட்களை வரவழைத்து, இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச்சின் ஏழாவது சிம்பொனியை அந்த நகரத்தில் வாசித்தார்கள். ஒலிபெருக்கி வழியாக ஊர் முழுக்கக் கேட்டது, எதிரியின் பக்கமும் கேட்டது.

இன்று இரவு அந்த சிம்பொனியின் முதல் பகுதியை மட்டும் போட்டுக் கேளுங்கள், அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நடுவில் ஒரு சிறு மேளம் மெதுவாக ஆரம்பித்து, ஒரே மெட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி, நெருங்கி நெருங்கி வரும். அந்த இடம் வந்ததும் 125 கிராமை நினைத்துக்கொள்ளுங்கள்.