டிக் போட்டால் ஓடிவிடுமா? பழைய மென்பொருள் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, "புது லேப்டாப்பில் பழைய சாஃப்ட்வேர் வேலை செய்யவில்லை, உதவுங்கள்" என்ற ஒற்றை வரிதான். எந்தப் புரோகிராம், எந்த வருடத்தது, எந்த விண்டோஸ், திரையில் வந்த பிழைச் செய்தி என்ன என்று ஒரு வார்த்தை கிடையாது. அவற்றுக்குப் பதிலும் கிடையாது. விவரம் எழுதியவர்களுக்கு மட்டும் கீழே.

கேள்வி: 1993-இல் வாங்கிய டாஸ் கணக்குப் புரோகிராம். விண்டோஸ் 11-இல் திறந்தால் "இந்த ஆப் உங்கள் பிசியில் ஓடாது" என்கிறது. கம்பாட்டிபிலிட்டி டேபில் விண்டோஸ் 95 என்று வைத்துப் பார்த்தும் பயனில்லை.

பயன் இருக்காது. அது 16-பிட் புரோகிராம், மிகப் பழைய தலைமுறை. அடுத்து வந்தது 32-பிட், விண்டோஸ் 11 என்பதோ 64-பிட். அதை ஓட்டிவந்த என்டிவிடிஎம் என்ற பகுதியே 64-பிட் விண்டோஸில் கிடையாது. ப்ராசஸர் 64-பிட் நிலைக்குப் போனபின் டாஸுக்கு வேண்டிய விர்ச்சுவல் 8086 முறையும் (பழைய ப்ராசஸர் போல நடிப்பது) இல்லை. கம்பாட்டிபிலிட்டி டிக் செய்வது வேறு வேலை. புரோகிராம் "இது எந்த விண்டோஸ்?" என்று கேட்டால் பழைய பெயரைச் சொல்லும், அதன் சில பழைய பழக்கங்களைப் பொறுத்துக்கொள்ளும். இல்லாத பகுதியை அது எங்கிருந்து கொண்டுவரும்?

டாஸ் கணினியைப் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸைப் போடு என்பார்கள் எல்லாரும். அது விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது. கணக்குப் புரோகிராமில் இரண்டு பேர் ஒரே டேட்டாவைத் திறந்தால் ரெக்கார்டு லாக் (ஒருவர் திருத்தும் பதிவை மற்றவர் தொடாமல் தடுப்பது) பிடிக்கும் என்று நம்ப முடியாது, அச்செடுப்பதும் தகராறு. அலுவலகப் புரோகிராம்களை மனதில் வைத்து எழுதப்பட்ட விடாஸ் இருக்கிறது, அதை முயலுங்கள். எதில் ஓட்டினாலும் புரோகிராம் உள்ள ஃபோல்டரை மட்டும் இணையுங்கள், சி டிரைவை முழுசாக அல்ல. ஆரம்பிக்கும் முன் டேட்டாவை நகலெடுங்கள்.

கேள்வி: விண்டோஸ் 3.1 காலத்து அகராதி ஒன்று இருக்கிறது. அதற்கும் விடாஸ் போதுமா?

போதாது. அது டாஸ் அல்ல, 16-பிட் விண்டோஸ். ஒய்ன்விடிஎம் என்ற இலவசக் கருவி 64-பிட் விண்டோஸிலேயே இவற்றை ஓட்டும். லினக்ஸ் இருந்தால், விண்டோஸ் புரோகிராம்களை அங்கே ஓட்டும் ஒய்ன் என்ற கருவி நேரடியாகவே ஓட்டிவிடும். விண்டோஸ் கைவிட்ட விண்டோஸ் புரோகிராமை லினக்ஸ் ஓட்டுவது வேடிக்கைதான்.

கேள்வி: புரோகிராம் 32-பிட் என்று பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. ஆனாலும் சிடியில் உள்ள செட்டப் திறக்கவில்லை. ஏன்?

புரோகிராம் 32-பிட், செட்டப் 16-பிட். 1990-களின் பிற்பாதியில் வந்த சிடிகளில் இது சகஜம். இன்ஸ்டால்ஷீல்டு 5 போன்ற ஒன்றிரண்டு பழைய செட்டப்களை 64-பிட் விண்டோஸ் அடையாளம் கண்டு, தன்னிடம் உள்ள 32-பிட் மாற்றை ஓட்டும். மற்றவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை. மேலே சொன்ன ஒய்ன்விடிஎம்மில் செட்டப்பை மட்டும் ஓட்டிப் பாருங்கள். இல்லையென்றால் விர்ச்சுவல் மெஷினில் (லேப்டாப்புக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) 32-பிட் விண்டோஸ் போட்டு, அதில் இன்ஸ்டால் செய்து, அந்த ஃபோல்டரைப் புது லேப்டாப்புக்கு நகலெடுங்கள். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) அது எழுதிய பகுதியையும் எக்ஸ்போர்ட் செய்து கொண்டுவர வேண்டியிருக்கலாம்.

கேள்வி: "எம்எஸ்விசிஆர்100.டிஎல்எல் காணவில்லை" என்று வந்தது. ஒரு தளத்திலிருந்து அந்த ஃபைலை இறக்கி சிஸ்டம்32-இல் போட்டேன். இப்போது 0எக்ஸ்சி000007பி என்று புதுப் பிழை.

டிஎல்எல் ஃபைலை (புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் துணை ஃபைல்) தனியாக இறக்காதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது? 32-பிட்டும் 64-பிட்டும் கலந்துவிட்டால் வரும் பிழை இது. பெயரை நம்பி ஏமாந்திருக்கிறீர்கள்: 64-பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்பது 64-பிட் ஃபைல்களுக்கான இடம், சிஸ்வாவ்64 என்பது 32-பிட் ஃபைல்களுக்கான இடம். ஆம், தலைகீழாகத்தான் இருக்கிறது.

போட்ட ஃபைலை அழியுங்கள். பெயரில் உள்ள 100 என்பது விஷுவல் சி++ 2010. அதன் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து எடுத்து, எக்ஸ்86 (32-பிட்), எக்ஸ்64 (64-பிட்) இரண்டையும் இன்ஸ்டால் செய்யுங்கள். பெயர் 140 என்று முடிந்தால் 2015 முதலான பதிப்புகளுக்கான தொகுப்பு. டி3டிஎக்ஸ்9 என்று ஆரம்பித்தால் டைரக்ட்எக்ஸின் 2010 ஜூன் தொகுப்பு. டைரக்ட்எக்ஸ் 12 இருப்பதால் இது வேண்டாம் என்று நினைக்காதீர்கள், அதற்குள் இது இல்லை.

கேள்வி: 2004-ஆம் வருடத்துச் சரக்கு இருப்புப் புரோகிராம். விண்டோஸ் 11-இல் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் சில நாள் நேற்று போட்ட பதிவுகள் இல்லை, மறுநாள் திரும்பி வருகின்றன. "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுத்தால் சரியாகும் என்றார் நண்பர். சில சமயம் சரியாகிறது, சில சமயம் இன்னும் மோசம்.

உங்கள் நண்பரைப் போன்றவர்களால்தான் இந்தப் பகுதிக்குக் கடிதமே வருகிறது. எந்தப் பழைய புரோகிராம் முரண்டு பிடித்தாலும் ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர், அதுவும் போதாவிட்டால், முக்கிய மாற்றங்களுக்கு அனுமதி கேட்கும் யுஏசியையே அணைத்துவிடு. நோய் எதுவானாலும் ஒரே மாத்திரை. உங்கள் விஷயத்தில் அந்த மாத்திரைதான் நோயே.

நடப்பது இதுதான். எக்ஸ்பி காலத்துப் புரோகிராம்கள் தங்கள் டேட்டாவை ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளேயே எழுதின. விஸ்டாவிலிருந்து சாதாரண உரிமையில் ஓடும் புரோகிராம் அங்கே எழுதக் கூடாது. ஆனால் பழைய 32-பிட் புரோகிராம்கள் மொத்தமாகச் செத்துவிடக் கூடாதே என்று விண்டோஸ் ஒரு தந்திரம் செய்கிறது. அவை எழுதுவதைச் சத்தமில்லாமல் வேறு இடத்துக்குத் திருப்பிவிடுகிறது: சி டிரைவ், யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர். படிக்கும்போதும் முதலில் அங்கே பார்த்து, இல்லையென்றால்தான் உண்மையான ஃபோல்டருக்குப் போகிறது. புரோகிராமுக்கு இது எதுவும் தெரியாது.

அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினால் இந்தத் திருப்பிவிடல் நின்றுபோகும். அன்று போட்ட பதிவுகள் உண்மையான ப்ரோகிராம் ஃபைல்ஸில் போய் உட்காரும். மறுநாள் சாதாரணமாகத் திறந்தால் விர்ச்சுவல்ஸ்டோரில் உள்ள வேறு டேட்டா. அதாவது உங்களிடம் இரண்டு கணக்குப் புத்தகங்கள் இருக்கின்றன, நாள்விட்டு நாள் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். வேறொருவர் தன் லாகினில் திறந்திருந்தால் மூன்றாவதும் உண்டு. ப்ரோகிராம் ஃபைல்ஸை மட்டும் பேக்கப் எடுத்து வந்திருந்தால் அதில் பாதிதான் இருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது. புரோகிராமை மூடுங்கள். இரண்டு ஃபோல்டர்களையும் அப்படியே வெளி டிரைவுக்கு, வேறுவேறு பெயரில் நகலெடுங்கள். பிறகு டேட்டா ஃபைல்களின் தேதியையும் அளவையும் ஒப்பிடுங்கள். ஒன்று பல மாதம் பழையது என்றால் தப்பித்தீர்கள். இரண்டுமே சமீபத்தியவை என்றால் தானாக ஒன்றுசேர்க்க வழியில்லை. அதிகப் பதிவுள்ளதை வைத்துக்கொண்டு மற்றதில் உள்ளவற்றைக் கையால் மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

அடுத்து, புரோகிராமை நீக்கிவிட்டு ப்ரோகிராம் ஃபைல்ஸுக்கு வெளியே, சி டிரைவில் நேரடியாக ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதில் இன்ஸ்டால் செய்யுங்கள். அங்கே சாதாரண உரிமையிலும் எழுதலாம், திருப்பிவிடல் கிடையாது. தேர்ந்தெடுத்த டேட்டாவை அதில் வையுங்கள். விர்ச்சுவல்ஸ்டோரில் உள்ள பழைய ஃபோல்டரின் பெயரை மாற்றி ஒரு மாதம் வைத்திருந்து, பிறகு அழியுங்கள். இடத்தை மாற்ற விடாத புரோகிராம் என்றால், ப்ராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி டேபுக்குப் போய் அதன் டேட்டா ஃபோல்டருக்கு மட்டும் யூசர்ஸ் குழுவுக்கு மாடிஃபை உரிமை கொடுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் டிக்கை எடுத்துவிடுங்கள்.

சந்தேகம் இருந்தால் டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் பகுதிக்குப் போய், "யுஏசி விர்ச்சுவலைசேஷன்" என்ற பத்தியைச் சேர்த்துப் பாருங்கள். எனேபிள்டு என்றிருந்தால் அந்தப் புரோகிராம் திருப்பிவிடப்படுகிறது.

இதே டிக் செய்யும் வேறு சேதங்களையும் சொல்லிவிடுகிறேன், தனித்தனியாக ஐந்தாறு கடிதம் வந்திருக்கிறது. அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடும் புரோகிராமுக்கு நீங்கள் இணைத்து வைத்த நெட்வொர்க் டிரைவ் பெரும்பாலும் தெரியாது. எக்ஸ்ப்ளோரரிலிருந்து ஃபைலை இழுத்துப் போட்டால் ஏற்காது. இரண்டும் புரோகிராமின் குறை அல்ல.

கேள்வி: 4கே திரையில் பழைய புரோகிராமின் எழுத்து எறும்பு அளவில் இருக்கிறது.

எக்ஸ்இ ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ். கீழே உள்ள ஓவர்ரைடு டிக்கைப் போட்டு "சிஸ்டம்" தேர்ந்தெடுங்கள், மங்கலாக இருந்தால் "சிஸ்டம் என்ஹான்ஸ்டு". இது ஒன்றில் டிக் போட்டால் ஓடும், ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: புரோகிராம் ஓட டாட்நெட் 3.5 என்ற மைக்ரோசாஃப்ட் தொகுப்பைக் கேட்கிறது. என்னிடம் 4.8 இருக்கிறதே?

4.8 இருந்தாலும் 3.5 தனி. விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் அதற்கு டிக் போடுங்கள். 0எக்ஸ்800எஃப்081எஃப் என்று நின்றால், தேவையான ஃபைல்கள் கிடைக்கவில்லை என்று பொருள். அவை உங்கள் விண்டோஸ் பதிப்புக்கே உரிய இன்ஸ்டால் டிஸ்கில், சோர்சஸ் ஃபோல்டருக்குள் எஸ்எக்ஸ்எஸ் என்ற இடத்தில் இருக்கின்றன. டிஸ்ம் என்ற விண்டோஸ் கட்டளையில் அந்த இடத்தைக் காட்டுங்கள். வேறு பதிப்பின் டிஸ்க் உதவாது.

கேள்வி: எஃப்1 அழுத்தினால் உதவிப் பக்கம் வருவதில்லை.

எச்எல்பி ஃபைல் என்றால், விண்டோஸ் 10 முதல் அதைத் திறக்கும் வின்ஹெல்ப்புக்கு ஆதரவு இல்லை. சிஎச்எம் என்றால் திறக்கும், ஆனால் இணையத்தில் இறக்கியதாக இருந்தால் உள்ளே வெறுமையாகத் தெரியும். ப்ராப்பர்ட்டீஸில் "அன்பிளாக்" டிக் போடுங்கள். நெட்வொர்க் டிரைவில் இருந்தால் உள் டிரைவுக்கு மாற்றுங்கள். எது என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் இரண்டுக்கும் பதில்.

கேள்வி: பழைய ஸ்கேனரின் டிரைவரை விண்டோஸ் 11 ஏற்கவில்லை. மெமரி இன்டெக்ரிட்டி என்ற விண்டோஸ் பாதுகாப்பை அணைத்தால் ஓடும் என்கிறார்கள். அணைக்கலாமா?

வேண்டாம். அந்த டிரைவர் 32-பிட் என்றால் அணைத்தாலும் ஏறாது. 64-பிட் கெர்னலுக்கு 64-பிட் டிரைவர்தான் வேண்டும், அதிலும் கையொப்பமிட்டது. ஒரு ஸ்கேனருக்காக லேப்டாப்பின் காவலை எடுப்பது கெட்ட பேரம். விர்ச்சுவல் மெஷினில் 32-பிட் விண்டோஸ் 7 போட்டு, யுஎஸ்பி வழியாக ஸ்கேனரை அதற்குள் கடத்துங்கள். பேரலல் போர்ட் டாங்கிள் (மாட்டினால்தான் புரோகிராம் ஓடும் உரிமச் சாவி) பற்றிக் கேட்டவருக்கும் சேர்த்து: யுஎஸ்பி-பேரலல் கேபிள் பிரிண்டருக்கு மட்டுமே ஆனது. டாங்கிளை அதில் மாட்டினால் புரோகிராம் கண்டுகொள்ளாது.

கேள்வி: விர்ச்சுவல்பாக்ஸ் என்ற விர்ச்சுவல் மெஷின் மென்பொருளில் எக்ஸ்பி போட்டால் 7பி என்ற நீலத்திரை வருகிறது. ஒருவழியாகப் போட்டாலும் ஆமை வேகம்.

டிஸ்க் கன்ட்ரோலரை சாட்டா என்று விட்டிருப்பீர்கள். எக்ஸ்பி சிடியில் அதற்கு டிரைவர் இல்லை. ஐடிஇ என்று மாற்றுங்கள். நினைவகம் 1 ஜிபி, டிஸ்க் 20 ஜிபி தாராளம். ஆமை என்று எழுதியிருக்கிறீர்கள். ஜன்னலின் கீழ்ப்பட்டையில் பச்சை ஆமைப் படமே தெரிகிறதா? தெரிந்தால் விண்டோஸின் சொந்த ஹைப்பர்வைசர் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் பகுதி) ஓடிக்கொண்டிருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் மேல் உட்கார்ந்து மெதுவாகிறது. கணக்குப் புரோகிராமுக்கு அந்த வேகம் போதும், விட்டுவிடுங்கள்.

நெட்வொர்க் அடாப்டரை எடுத்துவிடுங்கள். எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தது. ஸ்னாப்ஷாட்டை (விர்ச்சுவல் மெஷினின் ஒரு கணத்து நிலைப் பதிவு) பேக்கப் என்று நினைக்க வேண்டாம். டிஸ்க் போனால் அதுவும் போகும். டேட்டாவை வெளியே நகலெடுங்கள்.

கேள்வி: 2010-இல் வாங்கிய மேக் புரோகிராம், எம்-சிப் மேக்புக்கில் ரொசெட்டா போட்டும் திறக்கவில்லை.

32-பிட் புரோகிராமாக இருக்கும். மேக்ஓஎஸ் கேட்டலினா, 2019-இலேயே 32-பிட்டை நிறுத்திவிட்டது. ரொசெட்டா 2 மொழிபெயர்ப்பது 64-பிட் இன்டெல் புரோகிராம்களை மட்டும். மொஹாவி வரை ஓடும் பழைய மேக் கையில் இருந்தால் விற்காதீர்கள். 64-பிட் இன்டெல் புரோகிராம் வைத்திருப்பவர்களும் கவனியுங்கள்: மேக்ஓஎஸ் 27 வரைதான் முழு ரொசெட்டா என்று ஆப்பிள் 2025-இல் சொல்லிவிட்டது.

கேள்வி: ஸ்னாப்டிராகன் லேப்டாப் வாங்கப் போகிறேன். என் பழைய புரோகிராம்கள் ஓடுமா?

ஸ்னாப்டிராகன் என்பது இன்டெல் அல்ல, ஆர்ம் வகை ப்ராசஸர். அதற்கான விண்டோஸ் 11 இன்டெல் புரோகிராம்களை, 32-பிட் ஆனாலும் 64-பிட் ஆனாலும், மொழிபெயர்த்து ஓட்டும். டிரைவரை மொழிபெயர்க்காது. டாங்கிள், பழைய ஸ்கேனர், அளவைக் கருவி என்று ஏதாவது மாட்டுபவராக இருந்தால் இன்டெல் அல்லது ஏஎம்டி வாங்குங்கள்.

கேள்வி: எம்டிபி (பழைய ஆக்ஸஸ்) டேட்டாபேஸை, புரோகிராம்களை டேட்டாபேஸோடு இணைக்கும் ஓடிபிசியில் சேர்க்க டிரைவரே பட்டியலில் இல்லை.

64-பிட் ஓடிபிசி ஜன்னலைத் திறந்திருக்கிறீர்கள். பக்கத்திலேயே 32-பிட் ஜன்னல் இருக்கிறது. எம்டிபியைப் படிக்கும் பழைய ஜெட் டிரைவர் 32-பிட்டில் மட்டும்தான்.

கேள்வி: விண்டோஸ் 11-இன் 32-பிட் பதிப்பு எங்கே கிடைக்கும்? அதைப் போட்டால் இந்தத் தொல்லை எதுவும் இருக்காது அல்லவா?

அப்படி ஒரு பதிப்பு வெளியாகவே இல்லை. அந்தப் பெயரில் யாராவது ஐஎஸ்ஓ கொடுத்தால் அதைத் திறக்காதீர்கள். 32-பிட் வந்த கடைசி விண்டோஸ், 10. அதை விர்ச்சுவல் மெஷினில், நெட்வொர்க் இல்லாமல் போட்டுக்கொள்ளுங்கள். என்டிவிடிஎம்மை விண்டோஸ் ஃபீச்சர்ஸில் லெகசி காம்பொனன்ட்ஸ் என்ற தலைப்பின்கீழ் தேடுங்கள்.