கோழிக்குத் தடுப்பூசி இருக்கிறது, நண்டுக்கு?

கேள்வி: எனக்குக் காட்பாடி. பழவேற்காடு பக்கம் குட்டை குத்தகைக்கு எடுத்து, தண்ணி நண்டு (சட்டை உரித்து ஓடு மெல்லியதாக இருக்கும் சேற்று நண்டு) வாங்கி அதில் விட்டுக் கொழுக்க வைக்கிறேன். கால் ஒடிந்த இடம் கறுத்துப்போகிறது. தினம் இரண்டு மூன்று சாகின்றன. வீட்டுக் கோழிகளுக்கு ராணிப்பேட்டைத் தடுப்பூசி போடுகிறோமே, நண்டுக்கு அப்படி உண்டா?

பதில்: இல்லை. ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் நிலையத்தின் தடுப்பூசி கோழிக்குப் பலிக்கக் காரணம் இதுதான்: கோழியின் உடம்பு கிருமியை நினைவில் வைத்து எதிர்ப்பொருள் சுரக்கிறது. நண்டின் உடம்பில் எதிர்ப்பொருளே உருவாகாது. அதற்கு முதல் காவல் ஓடு. ஓடு உடைந்தால் ரத்த அணுக்கள் ஓடி வந்து கிருமியை விழுங்கும், இல்லையென்றால் சுற்றி வளைத்து மூடும். அந்த இடத்தில் ரத்தம் உறைந்து மெலனின் என்ற கறுப்பு நிறமி படியும்.

ஆக, நீங்கள் பயந்த கறுப்பு பெரும்பாலும் நண்டு தனக்குத்தானே போட்டுக்கொண்ட மூடிதான். நகத்தால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, காய்ந்து இருந்தால் விட்டுவிடுங்கள். ஓரம் நொதநொதவென்று, குழி விழுந்து, நாளுக்கு நாள் பரவினால் அது ஓட்டு நோய். ஓட்டைத் தின்னும் பாக்டீரியாவின் வேலை.

சாவுக்குக் காரணம் வேறாக இருக்கலாம். தண்ணி நண்டு என்பது இப்போதுதான் சட்டை உரித்தது. ஓடு மெல்லியது, உடம்பெல்லாம் தண்ணீர், எதிர்ப்பு மிகக் குறைவு. அதைக் கட்டி, வெயிலில் கொண்டுவந்து, நெருக்கமாக விட்டால் ஒன்றையொன்று கடிக்கும். காயம் வழியே விப்ரியோ என்ற பாக்டீரியா நுழையும். காயமுள்ளதை வாங்காதீர்கள். வந்தவற்றைப் பத்து நாளாவது தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள்.

தீனி என்ன என்று நீங்கள் எழுதவில்லை. இறால் தலையைப் பச்சையாகப் போடுகிறீர்கள் என்றால் இன்றே நிறுத்துங்கள். இறாலைக் கூண்டோடு அழிக்கும் வெள்ளைப்புள்ளி வைரஸ் நண்டுக்கும் தொற்றும். சேற்று நண்டு அதை வெளியே காட்டாமல் சுமந்து திரியும். மழையில் உப்புத்தன்மை சட்டென்று இறங்குவது மாதிரி ஏதாவது நெருக்கடி வந்தால்தான் சுருண்டு விழும். பக்கத்து இறால் குட்டைகளுக்கும் அதனிடமிருந்து ஆபத்து.

அப்புறம் ஒரு சோதனை. மந்தமான நண்டு ஒன்றின் கால் மூட்டில் சொட்டு ரத்தம் எடுங்கள். நல்ல ரத்தம் தெளிவாக இருக்கும், காற்றுப் பட்டதும் இலேசாக நீலம் பாயும், சீக்கிரம் உறையும். பால் மாதிரி வெளுத்து, உறையாமல் நின்றால் தொற்று முற்றிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நண்டைக் கரையில் எறியாமல் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

கடைக்காரர் தரும் ஆன்டிபயாட்டிக் வேண்டாம். வைரஸுக்கு அது உதவாது. குளோரம்பெனிகால், நைட்ரோபியூரான் இரண்டும் மீன்வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. சாகும் நிலையில் உள்ள இரண்டு நண்டுகளை ஐஸில் வைத்து, சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டு, கிருமியின் மரபணுவைத் தேடிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் பரிசோதனைக்குக் கொடுங்கள். முடிவு வரும்வரை புது நண்டு விடாதீர்கள், குட்டைத் தண்ணீரை வாய்க்காலில் திறக்காதீர்கள்.