டர்னர் ஏமாளியா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக் கறுப்பின அரசியல்வாதி ஹென்றி மெக்நீல் டர்னரைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நேற்றுவரை தன் மக்களை அடிமைகளாக வைத்திருந்தவர்களிடம் அவர் இணக்கம் காட்டினார். அவர்களோ சில மாதங்களிலேயே அவரைச் சட்டமன்றத்தை விட்டு வெளியேற்றினார்கள். இது ஏமாளித்தனம் இல்லையா?

மா.

அன்புள்ள மா.,

அவர் ஏமாந்தது உண்மை. ஆனால் ஏமாளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1867 டிசம்பரில் கூடிய ஜார்ஜியா அரசியலமைப்பு அவையில் டர்னர் உறுப்பினர். உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநில வெள்ளையர்களைப் பழிவாங்க வேண்டாம் என்றார். அந்தப் போரில் தென்மாநிலங்களின் தலைவராக இருந்த ஜெஃபர்சன் டேவிசுக்கு மன்னிப்புக் கோரும் மனுவைக்கூட ஆதரித்தார். அவரும் மற்றக் கறுப்பின உறுப்பினர்களும் உண்மையில் சறுக்கிய இடம் வேறு. கறுப்பினத்தவர் பதவி வகிக்கலாம் என்று வெளிப்படையாகச் சொன்ன விதி அந்த அவையில் நீக்கப்பட்டது. வாக்குரிமைக்குள் அதுவும் அடங்கும் என்று நம்பிக் கறுப்பின உறுப்பினர்களில் பெரும்பாலோர் அதற்கு உடன்பட்டார்கள்.

1868 செப்டம்பரில், கறுப்பின உறுப்பினர்களைச் சட்டமன்றத்திலிருந்து வெளியேற்ற, எதிர்த்தரப்பு வெள்ளையர்கள் அந்த இடைவெளியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். வாக்களிக்கலாம் என்றுதானே இருக்கிறது, சட்டமன்றத்தில் உட்காரலாம் என்று எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். கலப்பினத்தவரான நால்வர் மட்டும், தோல் வெளுத்திருந்ததால், கீழவையில் தப்பினார்கள்.

செப்டம்பர் 3 அன்று டர்னர் பேசினார். அவருக்கு முன் பேசிய கறுப்பின உறுப்பினர்கள் சிலர் எதிர்வரிசையின் பெருந்தன்மையைப் புகழ்ந்து இரக்கம் கேட்டிருந்தார்கள். சவுக்கடிக்குக் கீழே கெஞ்சும் அடிமைகளைத்தான் அது நினைவுபடுத்துகிறது என்று, சொந்தத் தோழர்களை வைத்துக்கொண்டே அவர் சொன்னார். குழைய மாட்டேன், கூனிக்குறுக மாட்டேன், என் உரிமையைக் கேட்க வந்திருக்கிறேன் என்றார். இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. இணங்கிப் போனவரும் இவர்தான், குழைய மறுத்தவரும் இவர்தான். இணங்கும்போதும் அவர் தன்னைச் சமமானவராகவே நினைத்திருந்தார் என்பது என் வாசிப்பு.

வெளியேற்றப்பட்டவர்களில் ஒருவரான பிலிப் ஜாய்னர் அதே மாதம் 19-ஆம் தேதி ஜார்ஜியாவின் ஆல்பனி நகரிலிருந்து 25 மைல் தொலைவில் உள்ள கமிலாவுக்கு ஓர் ஊர்வலத்தை நடத்திச் சென்றார். அங்கே வெள்ளையர்கள் ஊர்வலத்தினரைச் சுட்டார்கள், பலர் இறந்தார்கள்.

கறுப்பினத்தவர் பதவி வகிக்கலாம் என்று 1869-இல் ஜார்ஜியா உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 1870-இல், அமெரிக்க நாடாளுமன்றத்தின் தலையீட்டால், டர்னர் தன் இருக்கைக்குத் திரும்பினார். ஆனால் பழைய நம்பிக்கை திரும்பவில்லை. 1880-இல் கறுப்பினத்தவரின் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் திருச்சபையின் பிஷப்பானவர், பிற்காலத்தில் தன் மக்களை ஆப்பிரிக்காவுக்கே போகச் சொன்னார். ஏமாளி என்னும் சொல்லை வைத்துக்கொண்டு அந்தக் கசப்பைப் புரிந்துகொள்ள முடியாது, மா. முதலில் அவர் எவ்வளவு நம்பினார் என்பதை மதித்தால்தான் முடியும்.