இரண்டு வயதுக் குதிரையை விரட்டிப் பழக்கலாமா?

கேள்வி: ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் கத்தியவாரி இன ஆண் குதிரைக்குட்டி ஒன்று வாங்கினேன். இரண்டு வயதாகிறது. வண்டிப் பந்தயத்துக்குப் பழக்க ஆசை. இப்போதே பாய்ச்சலில் விரட்டினால்தான் நுரையீரல் விரியும் என்கிறார் பெரியப்பா. ஆனால் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டால், நடுநடுவே ஒரு துடிப்பு விட்டுப்போகிறது. பயமாக இருக்கிறது. (பவானி வாசகர்)

பதில்: முதலில் அந்தத் துடிப்பைப் பார்த்துவிடுவோம். ஓய்வாக நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 முறைதான் துடிக்கும். அந்த அமைதியில் மூன்று நான்கு துடிப்புக்கு ஒன்று விட்டுப்போவது நல்ல ஆரோக்கியமான குதிரைகளிலும் சாதாரணம். குட்டியைச் சிறிது தூரம் பெருநடையில் (நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட ஓட்டத்தில்) ஓட்டிவிட்டு உடனே மறுபடி கேளுங்கள். இடைவெளி மறைந்திருந்தால் கவலை வேண்டாம். மறையாமலோ, தாளமே இல்லாமல் தாறுமாறாகத் துடித்தாலோ, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போய் இசிஜி எடுத்துப் பாருங்கள்.

பெரியப்பா சொல்வது பல தலைமுறையாக நம் பக்கத்தில் சொல்லப்படுவதுதான். ஆனால் பயிற்சியால் வளர்வது இதயமே தவிர நுரையீரல் அல்ல. பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் தரோபிரெட் குட்டிகளை ஸ்கேன் செய்து பார்த்திருக்கிறார்கள். பயிற்சி தொடங்கிய நான்கைந்து மாதங்களில் இதயத்தின் இடது அறை பெரிதாகி, சுவரும் தடிக்கிறது. உச்ச வேகத்தில் துடிப்பின் எண்ணிக்கை 220, 240 என்று பழையபடியேதான் இருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம்தான் கூடுகிறது. ஓடும்போது மண்ணீரலும் சுருங்கித் தன்னிடமுள்ள சிவப்பணுக்களை ரத்தத்தில் கொட்டும்.

நுரையீரலுக்கு அப்படி வளரும் குணம் கிடையாது. பாய்ச்சலில் குதிரையால் தன் விருப்பத்துக்கு மூச்சு வாங்கவும் முடியாது. ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு, அதுவும் மூக்கு வழியாக மட்டுமே. வாயால் மூச்சுவிட அதற்கு வராது. இதயம் வேகமாகத் தள்ளும் ரத்தத்தால் நுரையீரலின் மெல்லிய குழாய்களில் அழுத்தம் எகிறி, சிலவற்றில் ரத்தம் கசியும். கடுமையாக ஓடிய குதிரைகளில் மிகப் பலவற்றுக்கு இது உண்டு. மூக்கில் தெரிவது சிலவற்றுக்குத்தான். விரட்டி விரிப்பதாக நினைத்து அதைக் கிழித்துவிடக் கூடாது.

ஆகவே நுரையீரலுக்கு நாம் செய்யக்கூடியது அதைக் கெடுக்காமல் இருப்பதுதான். உங்கள் லாயத்தில் சோளத்தட்டை உதறிப் போடுகிறீர்களா? வெயில் கீற்றில் பறக்கும் அந்தத் தூசியும் பூஞ்சையும்தான் இளங்குதிரைகளின் மூச்சுக்குழாயைப் புண்ணாக்குகின்றன. தட்டை நனைத்துப் போடுங்கள். குட்டி உள்ளே நிற்கும்போது கூட்ட வேண்டாம். காற்று குறுக்கே ஓடட்டும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது கால்கள். சில வாரங்களிலேயே இதயம் பழகிவிடும், குட்டி களைக்காது, ‘இன்னும் ஓட்டலாம்’ என்று நமக்கும் தோன்றும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும். முன்னங்கால் முட்டிக்கு மேலுள்ள எலும்பின் வளர்தட்டு (எலும்பு நீளும் குருத்தெலும்புப் பகுதி) மூடவே ஏறக்குறைய இரண்டரை வயதாகும். களைக்காத குட்டியைத்தான் நாம் நொண்டியாக்குகிறோம். நான் பார்த்த நொண்டிக் குட்டிகளில் பல இப்படி வந்தவை. பார்க்கும்போது மனம் கனத்துப்போகும்.

அதற்காகக் கட்டிப்போட்டும் வளர்க்காதீர்கள், அதுவும் எலும்பை நோஞ்சானாக்கும். கிளுவை வேலி போட்ட கொரங்காடு (மேய்ச்சல் நிலம்) இருந்தால் அதைவிட நல்ல பயிற்சிக்கூடம் இல்லை. கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்துகொண்டு, தானாக ஓடி, தானாக நிற்கட்டும். மூன்று வயது வரை பந்தய வண்டி வேண்டாம். கையில் பிடித்து நடையும் பெருநடையும் போதும். வாரத்தில் ஓரிரு நாள், மெத்தென்ற மண்ணில் சிறு தூரம் வேகமாக ஓடலாம்.

ஓடி முடித்ததும் கீழ்த்தாடையின் உள்விளிம்பில் விரலை வைத்தால் கயிறுபோல ஒரு குழாய் தட்டுப்படும். அதில் நாடியை எண்ணுங்கள். கால்மணி நேரத்தில் 60-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் அன்றைய ஓட்டம் அதிகம், மறுநாள் ஓய்வு கொடுங்கள். இருமலோ மூக்கில் ஒரு சொட்டு ரத்தமோ கண்டால், ஓட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.