டனாட் வங்கியை மூழ்கடித்தது யார்?

கேள்வி: 1931-இல் ஜெர்மனியின் டனாட் வங்கி கவிழ்ந்ததால்தான் ஹிட்லர் வந்தார் என்றும், அந்த வங்கியின் தலைவர் ஒரு யூதர் என்றும் ஒரு காணொளியில் பார்த்தேன். அப்படியானால் யூத வங்கியாளர்கள்தான் ஜெர்மனியைக் கெடுத்தார்கள் என்று நாஜிகள் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கத்தானே செய்கிறது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: வங்கியின் தலைவர் யாக்கோப் கோல்ட்ஷ்மிட் யூதர்தான். உங்கள் காணொளியில் உண்மை அத்தோடு தீர்ந்துபோயிற்று.

அவரை உத்தமர் என்று நான் சொல்ல வரவில்லை. நூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுக்களில் இடம்பிடித்திருந்தார். அத்தனை நாற்காலிகளில் உட்கார்ந்தவர் எந்தக் கணக்கை ஒழுங்காகப் படித்திருப்பார்? பங்கு விலை சரியாமல் இருக்கத் தன் வங்கியின் பங்குகளையே வாங்கிக் குவித்தார். இதையெல்லாம் தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் அந்தக் காலத்தில் மற்ற ஜெர்மன் வங்கிகளும் இதே வேலையைச் செய்தன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வங்கியில் ஓட்டை போட்டவர்கள் வேறு. பிரெமன் நகரத்தில் 'நோர்ட்வொல்லெ' என்று ஒரு பெரிய கம்பளி நிறுவனம். நடத்தியவர்கள் லாஹூசன் குடும்பத்துச் சகோதரர்கள், யூதர்கள் அல்லர். விலை ஏறும் என்று நம்பிக் கம்பளியை வாங்கி அடுக்கினார்கள். விலை விழுந்தது. சரக்கை ஆம்ஸ்டர்டாமில் இருந்த தங்களுடைய 'உல்ட்ராமாரெ' நிறுவனத்துக்குப் பழைய விலையிலேயே விற்றதாக எழுதி நஷ்டத்தை மறைத்தார்கள். கணக்கு அப்படி நாறிக்கொண்டிருந்தபோதே பிரெமனில் மாளிகை போல ஒரு தலைமை அலுவலகமும் எழும்பிக்கொண்டிருந்தது! குட்டு வெளிப்பட்டபோது நஷ்டம் ஏறத்தாழ 20 கோடி மார்க். அவர்களுக்குக் கடனை அள்ளிக் கொடுத்திருந்தது டனாட்.

அதே ஆண்டு மே மாதம் வியன்னாவில் கிரெடிட்டான்ஸ்டால்ட் வங்கி ஆட்டம் கண்டதால், வெளிநாட்டார் ஏற்கெனவே ஜெர்மனியிலிருந்து பணத்தை உருவிக்கொண்டிருந்தார்கள். மத்திய வங்கித் தலைவர் ஹான்ஸ் லூதர் கடன் கேட்டு லண்டனுக்கும் பாரீசுக்கும் பறந்து வெறுங்கையோடு திரும்பினார். ஜூலை 13, திங்கட்கிழமை டனாட் கதவைத் திறக்கவில்லை. உடனே மற்ற வங்கிகளின் வாசலில் கூட்டம் முண்டியது. அடுத்த இரண்டு நாளும் நாடு முழுவதும் வங்கிகளுக்கு விடுமுறை விட வேண்டியதாயிற்று. டிரெஸ்ட்னர், கொமெர்ஸ் வங்கிகளும் அரசுப் பணத்தில்தான் பிழைத்தன. மறு ஆண்டு டனாட்டை டிரெஸ்ட்னரோடு இணைத்துவிட்டார்கள்.

ஹிட்லர் வந்த கதைக்கு வருவோம். நாஜிக் கட்சி 12 இடங்களிலிருந்து 107 இடங்களுக்குத் தாவியது 1930 செப்டம்பர் தேர்தலில். அப்போது டனாட் திறந்துதான் இருந்தது. வங்கிகள் மூடியது வேலையின்மையை இன்னும் மோசமாக்கியது, அது அவர்களுக்கு மேலும் உதவியது என்பது சரி. அதற்குக் கோல்ட்ஷ்மிட்டின் மதம் என்ன செய்யும்?

1933 டிசம்பரில், ஹிட்லர் பிரதமராக இருக்கும்போதே, கார்ல் லாஹூசனுக்கு நீதிமன்றம் ஐந்தாண்டு சிறைத்தண்டனை விதித்தது. கோல்ட்ஷ்மிட்டை எந்த நீதிமன்றமும் தண்டிக்கவில்லை. நாட்டைவிட்டு ஓட வேண்டிவந்ததும், குடியுரிமையையும் சொத்தையும் இழந்ததும் அவர்தான்.