மேல்காற்றும் அடிவாரச் சாலைகளும்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். வயது 34. தை மாதம் கியர் சைக்கிள் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டிவருகிறேன். ஆனிக் கடைசியில் பல்லடம் வழியாக உடுமலைக்குப் புறப்பட்டேன். ஏற்றமே இல்லாத சாலை; ஆனாலும் பாதி வழியில் கால் சோர்ந்து, ஒரு காற்றாலையின் அடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். சமதளத்திலேயே இந்த நிலை என்றால் எனக்கு மலை வாய்க்குமா என்று ஐயமாக இருக்கிறது. ஆடியில் வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிவிடலாம் என்று நண்பர்கள் அழைக்கிறார்கள். அடிவாரத்தைச் சுற்றுவது வீண் வேலை என்பது அவர்கள் கருத்து. நான் எந்தப் பாதையில் தொடங்குவது?

கு., திருப்பூர்

அன்புள்ள தம்பி கு.,

அன்று நீங்கள் தோற்றது உங்கள் காலிடம் அல்ல, மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்றிடம். இதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஏனென்றால் இது தெரியாமல் நல்ல சைக்கிளை விற்றுவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை ஏறக்குறைய 30 கி.மீ. அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். ஆனி முதல் ஆவணி வரை அரபிக்கடலிலிருந்து வரும் காற்று அந்த வாசலில் நெருங்கி, வேகமெடுத்து, பொள்ளாச்சி, பல்லடம், உடுமலை வட்டாரங்களின் மேல் பாய்கிறது. நீங்கள் நிழலுக்கு ஒதுங்கிய காற்றாலை அங்கே நிற்பதும் இதனால்தான். பல்லடத்திலிருந்து தெற்கே போகிறவருக்கு அந்தக் காற்று வலது விலாவில் அறைந்துகொண்டே இருக்கும். எதிரே ஒரு லாரி வந்தால் கணநேரம் காற்று மறைந்து, லாரி கடந்ததும் திரும்ப வந்து தள்ளும். ஹேண்டில்பாரை நேராகப் பிடித்திருப்பதற்கே தோள் வலித்துவிடும். உடலில் மோதும் காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் தடை நான்கு மடங்காகிறது. ஆகையால் கொங்கு நாட்டில் சாலையின் ஏற்றத்தை மட்டும் பார்த்து ஒரு பாதையை எளிது என்றோ கடினம் என்றோ சொல்ல முடியாது. எந்த மாதம், எந்தத் திசை, எத்தனை மணி என்ற மூன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த ஆடியில் உங்களுக்கு நான் சொல்லும் பாதை, உங்கள் ஊர் வழியாகவே ஓடும் நொய்யலின் பாதை. திருப்பூரிலிருந்து மங்கலம், சோமனூர், சூலூர், சிங்காநல்லூர், பேரூர், ஆலாந்துறை என்று ஆற்றை ஒட்டியும் விலகியும் மேற்கே செல்லுங்கள். கோவை வரையிலான ஏறக்குறைய 50 கி.மீ. தொலைவில் நிலம் உயர்வது நூறு மீட்டரைச் சற்றே தாண்டும்; கண்ணுக்கே தெரியாத ஏற்றம். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் காற்று முழு வேகம் பிடிப்பதற்குள் பேரூரைச் சேர்ந்துவிடலாம். ஒன்பது மணிக்கு மேல் அதே சாலை வேறு சாலையாகிவிடும். திரும்பும்போது நாள் முழுதும் வலுத்த காற்று உங்கள் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வரும். இந்தப் பருவத்தில் மேற்கே போய்க் கிழக்கே திரும்பு என்பதுதான் என் கணக்கு; மார்கழியிலும் தையிலும் கீழ்க்காற்று வீசும்போது அது தலைகீழாகும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. காலையில் மேற்கு நோக்கி ஓட்டும்போது வெயில் உங்கள் முதுகில் இருக்கும். ஆனால் எதிரே வரும் ஓட்டுநரின் கண்ணில் விழும். அவர் ஒரு பேருந்தை முந்த வெளியே வரும்போது உங்களைப் பார்த்திருக்க மாட்டார். பின்விளக்கைப் போலவே முன்விளக்கும் பகலில் எரியட்டும்.

நொய்யலைச் சொல்வதற்குக் காற்று மட்டும் காரணம் அல்ல. வெள்ளியங்கிரியில் பிறந்து 180 கி.மீ. ஓடிக் காவிரியில் கலக்கும் ஆற்றின் நடுப்பகுதியைத்தான் நீங்கள் தினமும் பாலத்தின் மேலிருந்து பார்க்கிறீர்கள். சாயக்கழிவுக்காக 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்ன அளவுக்குக் கெட்டுப்போன ஆறு அது. அதே ஆற்றை எதிர்த்து மேலே போகப் போக, பேரூர் தாண்டிக் கட்டடங்கள் விலகி, ஆலாந்துறைக்கு அப்பால் சாலையின் இருபுறமும் பாக்குத் தோப்புகள் வந்துவிடும். அங்கே ஒரு வளைவில் காற்று சட்டென்று குளிர்ந்து, நனைந்த மட்டையின் வாசம் முகத்தில் அடிப்பதை முதல் தடவை உணர்ந்தபோது நான் இறங்கி நின்றுவிட்டேன். எந்த மலை உச்சியும் எனக்கு அதைத் தந்ததில்லை. உங்கள் நண்பர்கள் அடிவாரத்தை வீண் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ளாததற்கு அந்த ஒரு வளைவே போதும்.

போக வர ஒரே நாளில் இயலாவிட்டால் கோவை வரை ரயிலில் சைக்கிளைப் பார்சலாகப் போட்டுவிட்டு அங்கிருந்து தொடங்குங்கள். அதில் குறைவொன்றும் இல்லை.

அடுத்ததாகத் தடாகம் பள்ளத்தாக்கு. கணுவாய், சின்னத்தடாகம் வழியாக மாங்கரை வரை இரு பக்கமும் மலை நெருங்கிவரும் சாலை; மாங்கரைச் சோதனைச்சாவடிக்குப் பிறகு ஆனைக்கட்டிக்கு ஏற்றம் தொடங்கும். 2021இல் செங்கல் சூளைகள் மூடப்படும் வரை செம்மண் லாரிகள் ஓடிய சாலை இது. தோண்டிய குழிகளை இன்றும் பார்க்கலாம். ஏற்றம் பழகுவதற்குக் கோவைப் பக்கம் இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது. ஆனால் இது யானைகளின் வழியும்கூட. ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு, மாங்கரைக்கு மேலே இரண்டாவது வளைவில், சாலை நடுவே கிடந்த யானை லத்தியிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. நார் நாராகப் பிரிந்த பனைமட்டை, ஜீரணமாகாத பலாக்கொட்டைகள், ஓரத்தில் ஒடிந்து இன்னும் பால் வடிந்த ஒரு கிளை. சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது. நாம் வருவது யானைக்கும் தெரியாது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. நான் அங்கேயே திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். நன்கு விடிந்த பிறகே சோதனைச்சாவடியைத் தாண்டுங்கள். மாலை நான்கு மணிக்குள் இறங்கிவிடுங்கள். வனத்துறையினர் வேண்டாம் என்றால் மறுபேச்சு வேண்டாம்.

உடுமலையை அடியோடு கைவிட வேண்டாம். ஐப்பசியில் காற்று அடங்கியதும் உடுமலையிலிருந்து தளி வழியாகத் திருமூர்த்திமலைக்குப் போய்ப் பாருங்கள். அந்த அணைக்குச் சர்க்கார்பதியிலிருந்து காண்டூர் கால்வாய் 49 கி.மீ. தொலைவு மலைச்சரிவையே சுற்றிக்கொண்டு தண்ணீர் கொண்டுவருகிறது. கால்வாய் வெட்டியவர்கள் மலையில் ஏறி இறங்கவில்லை, அதன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கால்வாய்க்கரைத் தடங்கள் காலுக்கு இதமாக இருப்பதற்கும் இதுவே காரணம். நான் சொல்வது காட்டுக்குள் போகும் கரைகளை அல்ல, சமவெளிக் கரைகளை. கோபிப் பக்கம் 200 கி.மீ. நீளும் கீழ்பவானி வாய்க்கால் கரையும் அப்படித்தான், ஆனால் பல இடங்களில் மண் தடம், 25 மி.மீ. டயர் தாங்காது, 32 வேண்டும்.

வால்பாறைக்கு வருகிறேன். ஆடியில் வேண்டாம். தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் மலை அது. ஈரச் சாலையில், மூடுபனியில், எதிரே பேருந்து வரும் வளைவில் புதியவர் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. தை மாதம் போங்கள். பொள்ளாச்சியிலிருந்து 65 கி.மீ.; ஆழியாறு சோதனைச்சாவடிக்குப் பிறகு தொடர்ச்சியான ஏற்றம். ஒன்பதாவது வளைவில் அணையைப் பார்க்க நிற்பீர்கள். பாறையில் வரையாடு நின்றால் உங்களுக்கு யோகம்.

அதற்கு முன் சைக்கிளில் பல் எண்ணிப் பாருங்கள். மிதியோடு சுழலும் முன் பல்சக்கரத்தில் 39 பல், பின்னால் உள்ளவற்றில் பெரியதில் 25 என்றால் மிதி ஒரு முழுச் சுற்று சுற்ற வண்டி ஏறக்குறைய 3.3 மீட்டர் நகரும். முன்னால் 34, பின்னால் 32 என்றால் 2.2 மீட்டர்தான். இரண்டு மணி நேர ஏற்றத்தில் முழங்காலைக் காப்பாற்றுவது இந்த ஒரு மீட்டர் வித்தியாசம்.

இறக்கம் ஏற்றத்தைவிடக் கவலைக்குரியது. பல ஆண்டுகளுக்கு முன் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கியபோது இரண்டு பிரேக்கையும் விடாமல் அழுத்திக்கொண்டே வந்தேன். பாதி வழியில் இரும்பு உராயும் சத்தம் கேட்டது. நிறுத்தி ரிம்மைத் தொட்டேன், விரல் சுட்டது. பிரேக் கட்டையில் ரப்பரே மிச்சமில்லை. மீதித் தொலைவைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். வளைவுக்கு முன்பே அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். முன்பிரேக்கும் பின்பிரேக்கும் மாறி மாறி வேலை செய்ய வேண்டும். பையில் ஒரு ஜோடிக் கட்டை எப்போதும் இருக்கட்டும்.

சத்தியமங்கலத்துக்கு வடக்கே உள்ள திம்பம் மலைச்சாலையின் 27 வளைவுகளைப் பற்றி உங்கள் நண்பர்கள் பேசினால், இப்போதைக்கு மறுத்துவிடுங்கள். லாரிகள் இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் எடுத்துத் திரும்பும் வளைவுகள் அவை. சைக்கிளுக்கு ஒதுங்க இடமிருக்காது.

வரும் ஞாயிறு பேரூர் வரை போய்த் திரும்புங்கள். போகும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் தனித்தனியே குறித்து எனக்கு எழுதுங்கள். அன்று உடுமலைச் சாலையில் உங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை அந்த இரண்டு எண்களை வைத்து இருவருமே பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்